பச்சை விழுந்தவர்கள்

மகிழினிக்குப் பச்சை விழுந்ததும் அவள் அம்மா தர்ஷிணி, மண்டபத்தில் கூடியிருந்த முந்நூறு பேர் முன்னால் ஓவென்று அழுதுவிட்டாள். யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. முப்பது மாப்பிள்ளைகள் வந்தார்கள், முப்பது தடவையும் சிவப்பு. எட்டு வருஷமாக ஒவ்வொரு தடவையும் நிச்சயதார்த்தத் தட்டைத் திருப்பித் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனவள், முப்பத்தோராவது தடவை அழுதுவிட்டுப் போகட்டுமே.

பச்சையைக் காட்டியது சோப்புப் பெட்டி அளவுள்ள ஒரு கருவி. உறவுமானி என்று பெயர். இரண்டு பக்கமும் ஒவ்வொரு துளை இருக்கும். பெண் ஒன்றில் விரலை விடவேண்டும், மாப்பிள்ளை மற்றதில். எறும்பு கடித்த மாதிரி ஒரு சுருக். பிறகு தொண்ணூறு விநாடி காத்திருக்க வேண்டும். இருவர் ரத்தத்திலும் ஒட்டு இல்லையென்றால் பச்சை. அத்தை மகன், மாமன் மகள் தூரம் என்றால் மஞ்சள். மஞ்சளுக்கு நம் ஜனங்கள் என்றைக்கு முகம் சுளித்தார்கள், மாலையை எடு என்பார்கள். சிவப்பு விழுந்தால்தான் செருப்பைத் தேட வேண்டும். இருவரும் ஒரே தகப்பனுக்கோ தாய்க்கோ பிறந்தவர்கள் என்று அர்த்தம்.

ஐம்பது வருஷத்துக்கு முன்னால் கல்யாணத்தில் இப்படி ஒரு சடங்கு வரும் என்று சொல்லியிருந்தால் கைகொட்டிச் சிரித்திருப்பார்கள். அப்போது ஆண்களிடம் வித்து இருந்தது. பிறகு அது மெல்ல அற்றுப்போயிற்று. சாயத்தண்ணீர் என்றார்கள் சிலர், பிளாஸ்டிக் என்றார்கள் சிலர், விசாரிக்கப் போட்ட கமிஷன் இன்னமும் விசாரித்துக்கொண்டே இருக்கிறது. வித்தறவு என்று அதற்கொரு பெயர் வைத்ததோடு சரி. ஆயிரம் ஆண்களில் ஒருவனுக்கோ இருவருக்கோ உயிருள்ள வித்து மிஞ்சியது. அவர்களிடம் கொடையாகப் பெற்று, உறைய வைத்து, குழலில் அடைத்து, பிள்ளை வேண்டுகிற பெண்களின் கர்ப்பப்பையில் செலுத்தினார்கள். ஊருக்கு ஊர் சந்ததி நிலையம் வந்தது. முதலில் முக்காடு போட்டுக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனார்கள். பத்தே வருஷத்தில் தடுப்பூசிக்குப் போகிற மாதிரி பட்டப்பகலில் வரிசையில் நின்றார்கள். எந்தப் பிள்ளைக்கு எவன் தகப்பன் என்பது குழலுக்கு மட்டுமே தெரியும் என்றாகிவிட்டதால், அண்ணனும் தங்கையும் தெரியாத்தனமாக மாலை மாற்றிக்கொள்ளக் கூடாதே என்று உறவுமானியைக் கண்டுபிடித்தார்கள். நல்ல எண்ணத்தில்தான் கண்டுபிடித்தார்கள்.

செங்காட்டூர்க்காரர்களும் வரிசையில் நின்றவர்கள்தான். ஆனால் படிவத்தை நிரப்பும்போது ஒரே ஒரு நிபந்தனை போட்டார்கள். உயரம் எப்படியிருந்தாலும் சரி, நிறம் எப்படியிருந்தாலும் சரி, ‘நம்ம ஆளுங்க வித்தா இருக்கோணும்.’ நம்ம ஆளுங்க என்றால் யார் என்று நிலையத்தில் ஒருவரும் விளக்கம் கேட்கவில்லை. இந்த நாட்டில் அந்த வார்த்தைக்கு அகராதியைப் புரட்டியவன் எவன்? நம்ம ஆளுங்களில் ஒன்பது பேர் கொடையாளர்களாக இருக்கிறார்கள் என்று நிலையம் சொன்னது. சங்கம் திருப்தியடைந்தது. சங்கம் என்றால் நம்ம ஆளுங்க சங்கம். மண்டபம், கோயில், மயானம், பள்ளிக்கூடம், மில்லில் வேலை எல்லாம் அதன் கையில்.

மகிழினிக்குத் தொழிலே உறவுமானி பார்ப்பதுதான். அரசு உரிமம் பெற்ற மானியாளர். முகூர்த்த மாதங்களில் ஒரு நாளைக்கு மூன்று மண்டபம் ஏறி இறங்குவாள். ஊரில் விழுகிற சிவப்பெல்லாம் அவள் கண் முன்னால் விழுவதுதான். பத்துக்கு எட்டு சிவப்பு. சோசியர்கள் அதற்கு ஏதோ தோஷம் என்று பெயர் வைத்துப் பரிகாரம் செய்தார்கள். ஒன்பது கொடையாளர்கள் இருக்கிற ஊரில் பத்துக்கு எட்டு விழாதே என்று அவளுக்கு ஒரு நெருடல் இருந்தது. ஆனால் கல்யாணம் நின்றுபோய் ஒரு பெண் விசும்பிக்கொண்டிருக்கும்போது கணக்குப் பேசுவது யார்? அவளும் விசும்பிக்கொண்டிருந்தவள்தானே. தன் விசேஷத்துக்குத் தானே மானி பார்க்கக் கூடாது என்பது விதி. ஆகவே முப்பத்தோரு தடவையும் வேறொரு மானியாளர் முன்னால் விரலை நீட்டினாள்.

பச்சை காட்டியவன் நிருபன். மில்லில் நூல் தரம் பார்க்கிற வேலை. பெரிய அழகன் இல்லை, சமையல் மட்டும் நன்றாகச் செய்வான். கல்யாணமான மறுநாள் காலையில் அவள் ஆள்காட்டி விரலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இத்தனை குத்து வாங்கின இந்த விரலுக்கு ஒரு தேங்காய் உடைக்க வேண்டும் என்று கேலி செய்தான். செய்ததோடு நிற்காமல் நிஜமாகவே கோயிலுக்குப் போய் உடைத்துவிட்டு வந்தான். அன்றைக்கே மகிழினி அவனிடம் விழுந்துவிட்டாள். முப்பது வயதுக்கு மேல் இப்படி ஒருவன் கிடைப்பான் என்று அவள் நினைக்கவேயில்லை. சாயங்காலம் வேலை முடிந்து வீடு திரும்பும்போது தெரு முனையிலேயே அவளுக்கு நடை வேகமாகிவிடும்.

மாமியார் ஸ்ரீநிதிக்கும் அவளைப் பிடித்துத்தான் இருந்தது. ஆறு மாதம் பொறுத்துவிட்டு, பேரப்பிள்ளைப் பேச்சை எடுத்தாள். நிலையத்துக்குப் போகும்போது நம்ம ஆளுங்க வித்துதானா என்று ஒன்றுக்கு இரண்டு தடவை கேட்டு வாங்கு என்று சொன்னாள். போகிற போக்கில் சொல்லவில்லை. அடுப்படியில், கூடத்தில், கோயில் பிரகாரத்தில், பார்க்கிற இடத்திலெல்லாம் சொன்னாள். சாதி விஷயத்தில் ஊரிலேயே அவள்தான் கெட்டி என்று பெயர்.

நிலையத்தில் மகிழினி ஒரு காரியம் செய்தாள். ஏன் செய்தாள் என்றால் தொழில் புத்தி, வேறொன்றுமில்லை. குழலைச் செலுத்துவதற்கு முன்னால் அதிலிருந்து ஒரு பொட்டு எடுத்து மானியில் வைக்கச் சொன்னாள். நர்ஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எட்டு வருஷ சர்வீஸில் அப்படிக் கேட்டவர் ஒருவருமில்லையாம். எல்லோரும் மாப்பிள்ளையைத்தான் சோதிக்கிறார்கள், குழலை யார் சோதிக்கிறார்கள் என்றாள். சட்டமும் அதைக் கேட்கவில்லை. மகிழினி உரிமத்தை எடுத்துக் காட்டியதும் சரியென்று ஒரு துளையில் பொட்டை வைத்தாள். மறு துளையில் மகிழினி விரலை விட்டாள்.

சிவப்பு விழுந்தது. அடியில், உறவு இன்னதென்று காட்டுகிற சின்ன எழுத்தில் ‘நேர்த் தந்தை’ என்று வந்தது.

அவள் அதை இரண்டு தடவை படித்தாள். இருந்தாலும் தொழில்காரி, சரி, ஒன்பதில் ஒருவர் எனக்குத் தகப்பனாக இருக்கத்தானே வேண்டும் என்று மனசைத் தேற்றிக்கொண்டு இரண்டாவது கொடையாளரின் குழலைக் கேட்டாள். சிவப்பு. நேர்த் தந்தை. மூன்றாவது, நான்காவது. ஒன்பதும் சிவப்பு. ஒன்பதிலும் நேர்த் தந்தை. நர்ஸின் சிரிப்பு எப்போதோ நின்றுபோயிருந்தது. இந்த எட்டு வருஷத்தில் இதே குழல்களை எத்தனை நம்ம ஆளுங்க பெண்களுக்குச் செலுத்தியிருக்கிறீர்கள் என்று மகிழினி கேட்டாள். முந்நூறுக்கு மேல் இருக்கும் என்றாள் நர்ஸ்.

அந்த முந்நூறு வீட்டில் பாதி வீட்டை மகிழினிக்குத் தெரியும். பச்சையும் மஞ்சளும் காட்டிக் கல்யாணம் முடித்து வைத்ததே அவள்தான். காது கேளாத பிள்ளைகள், நெஞ்சில் ஓட்டையோடு பிறந்த பிள்ளைகள், மூன்று வயதாகியும் தலை நிற்காத பிள்ளைகள். அம்மனுக்குத் தீச்சட்டி எடுத்துக்கொண்டிருக்கிற தாய்மார்கள். மாப்பிள்ளை அண்ணனாக இருந்துவிடக் கூடாது என்று அத்தனை பாடுபட்டுப் பார்த்துவிட்டு, ஒவ்வொரு பெண்ணும் நேராகப் போய்த் தன் தகப்பனுக்கே பிள்ளை பெற்றிருக்கிறாள். மகிழினி குழல் ஏற்றிக்கொள்ளாமலே நிலையத்தை விட்டு வெளியே வந்தாள்.

நிலையத்தை முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் ஆரம்பித்த டாக்டர் நந்தகோபன் எண்பத்தோரு வயதில் ஒரு முதியோர் குடியிருப்பில் இருந்தார். மறுநாள் அவரைத் தேடிப் போனாள். மறைக்க வேண்டும் என்ற எண்ணமே அவருக்கு இல்லை. யாராவது வந்து கேட்கட்டும் என்று இத்தனை வருஷமாக உட்கார்ந்திருந்தவர் மாதிரி சொன்னார். நம்ம ஆளுங்களில் வித்து மிஞ்சியவர்கள் ஒன்பது பேர் இருந்தது உண்மைதான். வெளியே தெரிந்தால் மானம் போகும் என்று எட்டுப் பேர் வரவே மறுத்துவிட்டார்கள். ஒன்பதாமவர் வருகிறேன் என்று சொல்லிவிட்டுச் செத்துப்போனார். வாசலிலோ இரண்டாயிரம் பெண்கள். வெளி வித்து தாராளமாக இருந்தது, ஒருத்தியும் வாங்கவில்லை.

நிலையத்துக்கு, வித்தை உறைய வைக்கிற உறைவாயு கொண்டுவந்து இறக்குகிற வண்டியை ஓட்டிக்கொண்டிருந்த ஒருவருக்கு வித்து இருந்தது. நீங்கள் எந்த ஆளுங்க என்று டாக்டர் கேட்டார். உங்களுக்கு எந்த ஆளுங்க வேணும் என்று அவர் திருப்பிக் கேட்டார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஒரு கொடையாளருக்குப் பத்துப் பிள்ளைக்கு மேல் கூடாது என்பது சட்டம். ஆகவே ஒரு ஆளை ஒன்பது ஆளாக எழுதினார்கள். அது போதாமல் பிறகு எண்ணிக்கையையும் மாற்றி எழுதினார்கள்.

“தப்புதாம்மா. ஆனா உங்க அம்மாவெல்லாம் எங்கிட்ட நோயில்லாத வித்து கேக்கல. நம்மாளு வித்துன்னுதான் கேட்டாங்க. இல்லைன்னு சொன்னா பிள்ளையே வேண்டாம்னு எந்திரிச்சுப் போனாங்க” என்றார் டாக்டர்.

அன்று சாயங்காலம் நிருபனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அடுப்பை அணைத்தான். சங்கத்தில் சொல்லலாமா என்று அவனிடம்தான் கேட்டாள். சொல்லித்தான் ஆகவேண்டும், குழந்தைகள் பாவம் என்று அவனும் சொன்னான். இரண்டு பேருக்கும் அந்தச் செய்தியின் ஒரு பக்கம்தான் கண்ணில் பட்டது. மறு பக்கத்தைத் திருப்பிப் பார்க்கத் தோன்றவில்லை. இயந்திரத்தைப் படிக்கத் தெரிந்தவளுக்கு மனிதர்களைப் படிக்கத் தெரியாமல் போனதுதான் கொடுமை.

ஞாயிற்றுக்கிழமை காலை மண்டபத்தில் பொதுக்குழு கூடியது. தலைவர் பிரவீன்குமார் ஓய்வுபெற்ற பொறியாளர், எழுபது தாண்டியவர், நிதானமாகப் பேசுவார். அவர் மகன் ஆதவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். மகிழினி மைக்கைக் கையில் வாங்கினாள். சொல்ல வந்ததைத் தெளிவாகச் சொன்னாள்.

“ஒம்பது பேரு இல்லீங்க. ஒரே ஒரு ஆளுதானுங்க. நானும், உங்க ஆதவனும், இங்க உக்காந்திருக்கற எங்க வயசுக்காரங்க அத்தன பேரும் ஒரே தகப்பனுக்குப் பொறந்தவங்க. இப்ப அதே ஆளோட வித்தத்தான் அவரு மகளுங்களுக்கே ஏத்திக்கிட்டு இருக்கறோம். நம்ம கொழந்தைங்களுக்குக் காது கேக்காததுக்கு அம்மன் காரணமில்லீங்க. இனிமே வெளி வித்து வாங்கலாம்னு சங்கம் ஒரு தீர்மானம் போடோணும்.”

கூட்டத்தின் நடுவில் ஒரு பெண் தன் பிள்ளையை மடியில் இறுக்கிக்கொண்டு கதறினாள். மகிழினிக்கு நம்பிக்கை வந்தது. இவ்வளவு பெரிய உண்மையைக் கேட்ட பிறகு மனுஷர்கள் மாறாமல் என்ன செய்வார்கள் என்று நினைத்தாள். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே யோசித்தார்.

“அப்ப பச்சை விழுந்தவங்க எல்லாம் ஆரு அம்மிணி?” என்று கேட்டார்.

மகிழினிக்கு ஒரு கணம் கேள்வி விளங்கவில்லை. பிறகு விளங்கியது. நம்ம ஆளுங்க வித்து என்று ஊருக்கு இருந்தது ஒன்றே ஒன்று. அதில் பிறந்த இரண்டு பேர் விரலை வைத்தால் சிவப்பு விழுந்தே தீரும். பச்சை விழ வேண்டுமென்றால் இருவரில் ஒருவராவது அந்த வித்தில் பிறக்காதவராக இருக்க வேண்டும். மகிழினி அந்த வித்துதான் என்று அவள் வாயாலேயே இப்போது சொல்லியாகிவிட்டது. மண்டபத்தில் ஒவ்வொரு தலையாகத் திரும்பி நிருபனைப் பார்த்தது.

மூன்றாவது வரிசையில் ஸ்ரீநிதி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். செங்காட்டூரில் மூன்று தடவை முயன்றும் தங்காமல், வெளியூரில் ஒரு நிலையத்தில், இருந்த குழலைக் கொடுங்கள் என்று வாங்கிப் பெற்ற பிள்ளை அவன். கட்டின புருஷனிடம்கூட அவள் அதைச் சொன்னதில்லை. முப்பத்து மூன்று வருஷமாக ஊரிலேயே சத்தமாக நம்ம ஆளுங்க, நம்ம ஆளுங்க என்று அவள் கத்தியதெல்லாம் அந்தப் பயத்தில்தான்.

அன்று மத்தியானத்துக்குள் தீர்மானம் வந்துவிட்டது, மகிழினி கேட்டது இல்லை. ஒவ்வொரு வீட்டிலும் குழலில் பிறந்தவர்கள் எல்லோரும் ஒரு மாதத்துக்குள் ஆதவனுடைய விரலோடு விரல் வைக்க வேண்டும். சிவப்பு விழுந்தவர்கள் நம்ம ஆளுங்க. பச்சை விழுந்தவர்கள் வெளியாட்கள். அவர்களுக்குச் சங்கத்தில் இடமில்லை, மில்லில் வேலையில்லை, செத்தால் எரிக்க மயானமில்லை, அவர்களோடு நடந்த கல்யாணங்களைச் சங்கம் ஏற்காது. இனிமேல் சிவப்பு விழுந்தால்தான் சம்பந்தம். யாரோ ஒரு வக்கீல் எழுந்து, அண்ணன் தங்கை முறை ஆகாதா என்று கேட்டார். தலைவர் சட்டப்புத்தகத்தைக் காட்டினார். கொடையாளர் தகப்பன் ஆகமாட்டார் என்று சட்டமே சொல்கிறது, அப்புறம் எங்கேயிருந்து வந்தது அண்ணன் தங்கை? புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் பிள்ளை பிறக்கப் போவதில்லை, பிள்ளை குழலில் இருந்து வரப்போகிறது. நிலையத்தில் ஆயிரத்துச் சொச்சம் குழல் மிச்சமிருக்கிறது, சங்கமே எடுத்துக்கொள்ளும் என்றார். நிதானமாக, கணக்குப் பாடம் நடத்துகிற மாதிரி சொன்னார்.

பிள்ளைகள் ஊனமாகப் பிறப்பதைப் பற்றி மகிழினி கத்தினாள். அதற்கு ஒரு மருத்துவக் குழு போட்டார்கள். கடைசியில் அவள், சொல்லாமல் வைத்திருந்ததையும் சொல்லிவிட்டாள்.

“அந்த ஆளு நம்மாளே இல்லீங்க. கேஸ் வண்டி ஓட்டுனவரு. எந்த ஊரு, என்ன ஆளுன்னு டாக்டருக்கே தெரியாது.”

மண்டபம் இடிந்து விழும் என்று எதிர்பார்த்தாள். தலைவர் அவளைக் கோபமாகக்கூடப் பார்க்கவில்லை.

“ஆராவோ இருந்துட்டுப் போகட்டும் அம்மிணி. நம்ம புள்ளைங்க ரெண்டாயிரம் பேரு அவரு ரத்தம். இனி அவருதான் நம்மாளு. அவரு ரத்தம் இல்லாதவன் வெளியாளு.”

கைதட்டல் எழுந்தது. மகிழினியின் அம்மா தர்ஷிணியும் தட்டினாள். அவள் பெண்தான் சிவப்பாயிற்றே.

அடுத்த வாரம் நிருபனை மில்லுக்குள் விடவில்லை. ஸ்ரீநிதி வீட்டை விட்டு வெளியே வருவதை நிறுத்திவிட்டாள். தர்ஷிணி வந்து மகளைக் கூப்பிட்டாள். சாடை பேசவில்லை, சண்டை போடவில்லை, பெற்ற மனசு பதைக்கத்தான் கூப்பிட்டாள். முன்னால் சிவப்பு விழுந்து போன முப்பது மாப்பிள்ளைகளில் நான்கு பேருக்கு இன்னும் ஆகவில்லையாம், அதில் ஒருவன் நல்ல பையனாம். மகிழினி கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்து பெட்டியில் துணிகளை அடுக்கினாள். நிருபனுடையதையும் சேர்த்து அடுக்கினாள். சென்னைக்கோ பெங்களூருக்கோ போய்விடலாம், அங்கே எவனுக்கும் எவன் ரத்தமும் தேவையில்லை, மானியாளருக்கு வேலை கிடைக்காத ஊர் எது என்று சொல்லிக்கொண்டே அடுக்கினாள்.

நிருபன் அடுப்படித் தரையில் உட்கார்ந்திருந்தான். பத்து நாளில் பாதியாக இளைத்திருந்தான்.

“என்னையும் செவப்பாக்கிடு மகி” என்றான்.

அவள் முதலில் கேலி என்று நினைத்தாள்.

“போயிரலாம் மாமா. நம்ம ரெண்டு பேருக்கு இந்த ஊருதானா?”

“எங்க போயி ஆருன்னு சொல்றது? எங்க அப்பன் செத்தப்ப நான் கொள்ளி வெச்ச மயானத்துல எனக்கு எடமில்லைங்கறாங்க. நான் ஆருமே இல்லாத ஆளா ஒன்னோட வந்து என்ன பண்ணுவேன்? உனக்குச் செய்யத் தெரியும். செஞ்சு குடு, சாமி.”

அவன் அழுதான். அவளுக்கு அவன் மேல் ஆத்திரமாக வந்தது. என்னை விட அந்த மண்டபம் உனக்குப் பெரிதாகப் போயிற்றா என்று கேட்க வாயெடுத்தாள். ஆனால் அவன் அப்படி அழுது அவள் பார்த்ததில்லை. அவனை விட்டுவிட்டுத் தெரு முனையைத் தனியாகத் தாண்டுவதை நினைத்துப் பார்த்தாள், முடியவில்லை. முதலில் இதைத் தாண்டுவோம், மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். எத்தனையோ நல்லவர்கள் இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டுதான் போகக் கூடாத இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள்.

செய்வது பெரிய வித்தையில்லை. மானியாளர்கள் பயிற்சியில் பயன்படுத்துகிற விரலுறை ஒன்று உண்டு, தோலோடு தோலாக ஒட்டிக்கொள்ளும். அதன் நுனியில் மகிழினி தன் விரலைக் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தை அடைத்தாள். அதை நிருபனின் விரலில் மாட்டிவிட்டாள். முந்தைய சோதனைகளைச் சேமித்து வைக்க மானிக்கு அனுமதி கிடையாது, ஆகவே யாருடைய ரத்தம் என்று அதற்குத் தெரியாது. இரண்டு ரத்தத்துக்கும் என்ன ஒட்டு என்பது மட்டும்தான் தெரியும்.

மறு சோதனை கேட்டு நிருபன் மனு கொடுத்தான். ஊரே வேடிக்கை பார்க்க வந்தது. வெளியூரிலிருந்து வந்த மானியாளர் ஒருவர் கருவியைத் திறந்து வைத்தார். ஒரு துளையில் ஆதவன், மறு துளையில் நிருபன். தொண்ணூறு விநாடியும் ஸ்ரீநிதி கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். சிவப்பு விழுந்தது. ‘ஒரே தந்தை’ என்று மானியாளர் உரக்கப் படித்தார்.

கல்யாணத்தன்று பச்சை விழுந்தது கருவியின் கோளாறு என்று சங்கப் பதிவேட்டில் எழுதினார்கள். ஆதவன் நிருபனைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். மகிழினியும் நிருபனும் ஒரே தகப்பனுக்குப் பிறந்தவர்கள் என்பது உறுதியானதால் அவர்களுடைய திருமணம் செல்லும் என்று தலைவர் அறிவித்தார். அதைக் கேட்டு ஒருவரும் சிரிக்கவில்லை.

அதற்கப்புறம் இருபது நாள் சந்தோஷமாகத்தான் இருந்தார்கள். நிருபன் மறுபடியும் மில்லுக்குப் போனான், சமைத்தான், கேலி பேசினான். ஸ்ரீநிதி கோயிலுக்குப் போய்வந்தாள். இருபத்தோராவது நாள் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. சந்தேகத்துக்கு ஆளாகி மீண்ட குடும்பங்களுக்கு வித்துக்குழலில் முன்னுரிமை என்று எழுதியிருந்தது. தலைவரே கையெழுத்துப் போட்டிருந்தார்.

போகாவிட்டால் என்னவாகும் என்று மகிழினி கேட்டாள். ஏன் வேண்டாம் என்கிறாய் என்று கேட்பார்கள், அப்புறம் இன்னொரு தடவை விரலை வைக்கச் சொல்வார்கள், விரலைக் கழுவிவிட்டு வைக்கச் சொல்வார்கள் என்றான் நிருபன். அது யாருடைய வித்து என்று உனக்குத் தெரியாதா என்று கேட்டாள். உடம்புக்கு ஒன்றுமில்லாமலும் சில பிள்ளைகள் பிறக்கத்தான் செய்கின்றன என்றான். அவளுக்கு அவன் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. ஆனால் இந்த முகத்துக்காகத்தானே இவ்வளவும் செய்தோம் என்றும் இருந்தது. பெட்டி இன்னும் கட்டிலுக்கடியில்தான் கிடந்தது. அவள் ரத்தத்தைத் தந்து வாங்கிய மனிதனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் அதை எடுக்க வேண்டும். அவள் எடுக்கவில்லை.

நிலையத்தில் அதே நர்ஸ்தான் இருந்தாள். மகிழினியின் கண்ணை ஒரு தடவைகூட நேராகப் பார்க்கவில்லை. படிவத்தை எடுத்து ஒவ்வொரு கேள்வியாகப் படித்தாள். வயது, எடை, சர்க்கரை உண்டா, ஏற்கெனவே கருத்தரித்ததுண்டா. ஒன்பதாவது கேள்வி எல்லா நிலையங்களிலும் கேட்கிற கேள்விதான், பெண்ணுக்கும் கொடையாளருக்கும் ரத்த உறவு உண்டா என்பது. முன்பெல்லாம் உண்டு என்றால் படிவத்தை மூடிவிடுவார்கள். சங்கம் நிலையத்தைத் தன் கையில் எடுத்த பிறகு, இல்லை என்றால் மூடுகிறார்கள்.

நர்ஸ் கேட்டுவிட்டுப் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தாள். மகிழினி பேனா முனையையே பார்த்தாள். பின்னால் நின்றிருந்த ஸ்ரீநிதி, சொல்லும்மா என்று மெல்ல அவள் முதுகைத் தடவினாள். நிருபன் மனைவியின் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டான்.

“உண்டுங்க, எங்க ரெண்டு பேருக்குமே அப்பாதானுங்க” என்றான்.

நர்ஸ் டிக் அடித்துவிட்டு உள் அறையைக் காட்டினாள்.